ஆராதனையில் கிடைக்கும் சமாதானம் வீட்டுக்கு வந்ததும் எங்கே போகிறது?

வாசகி ஒருவரின் கடிதம், அடையாளங்களை நீக்கி, சுருக்கமாக:

"எனக்கு 44 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. தாத்தா காலத்திலிருந்தே சி.எஸ்.ஐ. சபைக் குடும்பம். 2021 மே மாதம் அப்பாவைக் கொரோனாவில் இழந்தேன். ஆம்புலன்சில் ஏற்றும்போது ‘நீயும் கூட வாம்மா' என்றார். விடமாட்டார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முகத்தைக்கூடப் பார்க்காமல் அடக்கம் நடந்தது. கணவரின் கடை நஷ்டத்தில் ஓடுகிறது. எவ்வளவு கடன் என்று அவர் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. மகன் கோவையில் கடைசி வருடம் படிக்கிறான். தினமும் இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, அப்புறம் தூக்கமே இல்லை. உடம்பும் இளைத்துவிட்டது. ஆராதனையில் இருக்கும்வரை மனசு லேசாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே பழைய பாரம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. வீட்டு ஜெபத்துக்கு வந்த ஊழியக்காரர் ஒருவர், ‘சமாதானம் இல்லையென்றால் எங்கேயோ அறிக்கையிடாத பாவம் இருக்கிறது' என்றார். அன்றிலிருந்து இன்னும் மோசம். கடன் தீரும் என்று நம்பி ஒரு ஊழியத்துக்கு 5,000 ரூபாய் அனுப்பினேன். இயேசு கொடுக்கிற சமாதானம் இந்த உலகத்திலேயே, இப்போதே கிடைக்குமா, இல்லை பரலோகத்தில்தானா? மாத்திரை சாப்பிட்டால் அது அவிசுவாசமா? வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போக முடியவில்லை, அதை விட்டுவிடலாமா?"

அன்பு சகோதரிக்கு,

நான் ஒரு சபை ஆயர். மருத்துவமனையில் நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் ஆற்றுப்படுத்துநராகவும் வேலை செய்கிறேன். உங்கள் கடிதத்தை இந்த இரண்டு வேலையையும் மனதில் வைத்துத்தான் வாசித்தேன். கடைசி வரிகளில் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை அதிகமாக வதைப்பது அந்த மூன்றுமே இல்லை என்று நினைக்கிறேன். அந்த ஊழியக்காரர் சொன்ன வார்த்தைதான் வதைக்கிறது. அதை முதலில் எடுத்துப் போட்டுவிடுவோம்.

கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் பேதுருவையும் மற்ற இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன சொன்னார்? "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது." அவருடைய வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். அந்த இரவில் அவருக்கும் தூக்கம் இல்லை, நெஞ்சு கலங்கியது, கூட விழித்திருக்க ஆள் தேடினார். பாவமே அறியாதவருக்கு இப்படி ஒரு இரவு இருந்திருக்கிறது என்றால், கலக்கம் வந்தாலே அதற்குப் பின்னால் ஒரு பாவம் ஒளிந்திருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

பவுலையும் பாருங்கள். "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பிலிப்பியருக்கு எழுதியவர் அவர்தான். நம் வீடுகளில் காலண்டரிலும் சுவரிலும் தொங்குகிற வசனம். அதே மனிதர் கொரிந்தியருக்கு எழுதும்போது, எல்லாச் சபைகளையும் குறித்த கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று வெளிப்படையாகச் சொல்கிறார். பிலிப்பியர் நிருபத்திலேயே, தன் நண்பன் எப்பாப்பிரோதீத்து சாகக்கிடந்ததையும், அவன் பிழைத்ததால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வராமல் தேவன் இரங்கினார் என்பதையும் எழுதுகிறார். சிறையில் உட்கார்ந்து, நண்பன் சாவானோ என்று தவித்த ஒருவர்தான் அந்தக் கவலைப்படாதிருங்கள் என்ற வசனத்தையும் எழுதினார். அதை எடுத்து, ஏற்கெனவே அடிபட்டுக் கிடக்கிற ஒருவரை அடிப்பதற்குப் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்த நிருபம் முழுதாகத் தெரியவில்லை என்றே சொல்வேன்.

யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் முதலில் நல்லபடியாகத்தான் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கப்புறம் வாயைத் திறந்தார்கள். ‘உன்னிடத்தில் ஏதோ பாவம் இருக்கிறது' என்று பல அதிகாரங்களுக்கு வாதாடினார்கள். புத்தகத்தின் முடிவில் தேவனுடைய கோபம் யார்மேல் மூண்டது? யோபுவின்மேல் அல்ல, அந்தச் சிநேகிதர்கள்மேல்தான். பிறவிக் குருடனைப் பார்த்து ‘யார் செய்த பாவம், இவனா, இவன் பெற்றோரா' என்று கேட்ட சீஷர்களுக்கும் ஆண்டவர் ‘இரண்டுமில்லை' என்றுதான் பதில் சொன்னார். உங்கள் வீட்டுக்கு வந்தவர் நல்ல எண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை மட்டும் வேதத்தின் வார்த்தை இல்லை. அறிக்கையிட வேண்டியது ஏதாவது இருந்தால் அது உங்களுக்கே தெரியும்; தெரிந்ததை அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு, அது அங்கேயே முடிந்துவிடும். தெரியாத ஒன்றைத் தேடி இரவெல்லாம் நெஞ்சைத் தோண்டிக்கொண்டிருக்கும்படி தேவன் யாரையும் கேட்கவில்லை.

சரி, இப்போது உடம்பைப் பற்றிப் பேசுவோம். தினமும் மூன்று மணிக்கு விழிப்பு, படபடப்பு, எடை குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். இவை மனச்சோர்வு நோயில் சாதாரணமாகப் பார்க்கிற அறிகுறிகள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதேபோல நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும், உடம்பு இளைக்கும். இரத்தசோகையிலும் படபடப்பு உண்டு. நாற்பதுகளின் நடுவில் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் முன் வருகிற மாற்றங்களிலும் தூக்கம் போகும். எது என்று நானோ ஜெபக்குழுவோ கண்டுபிடிக்க முடியாது. தைராய்டுக்கும் ஹீமோகுளோபினுக்கும் சர்க்கரைக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை, மருத்துவரோடு கால் மணி நேரம் பேச்சு, இந்த வாரமே செய்யுங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு முதலில் பேசலாம். அரசின் இலவச மனநல உதவி எண் அது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். ‘செத்துப்போனால் தேவலை' என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால் காத்திருக்கவே வேண்டாம். அன்றைக்கே அந்த எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது கணவரை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். அந்த எண்ணம் வருவதும் பாவ விஷயம் இல்லை, நோயின் ஒரு பகுதி. எலியாவுக்கு வந்திருக்கிறது.

எலியாவின் கதையை நாம் பெரும்பாலும் தேவன் அவனோடு பேசிய அந்த மெல்லிய சத்தத்துக்காகத்தான் பிரசங்கிக்கிறோம். எனக்கு அதற்கு முன்னால் வரும் பகுதி முக்கியம். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி. அதற்கடுத்து ராணி யேசபேல் அனுப்பிய ஒரே ஒரு மிரட்டல். தீர்க்கதரிசி வனாந்தரத்துக்கு ஓடிப்போய், ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சொல்லிப் படுத்துவிடுகிறான். தூதன் வந்து அவனைக் கடிந்துகொள்ளவில்லை, விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் தூங்கிப்போகிறான். தூதன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தரம் வந்து மறுபடியும் சாப்பிடச் சொல்கிறான், பிரயாணம் வெகுதூரம் என்பதால். சாப்பாடு, தூக்கம், திரும்பவும் சாப்பாடு, நாற்பது நாள் நடை, இவ்வளவுக்கும் பிறகுதான் ஓரேப் மலையும் அந்தச் சத்தமும். தேவன் தம் ஊழியனுக்கு முதலில் உடம்பைப் பார்த்தார். அந்த அடையைச் சாப்பிட்டது அவிசுவாசம் என்றால் நீங்கள் மாத்திரை சாப்பிடுவதும் அவிசுவாசம்தான்.

நம் தமிழ்க் கிறிஸ்தவத்தில் ஜெபமும் மருத்துவமும் சேர்ந்தே நடந்த வரலாறு உண்டு. பவுல் லூக்காவை ‘பிரியமான வைத்தியன்' என்கிறார். 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் இரண்டு பேருமே மருத்துவர்கள். ஆசிரமத்தில் ஜெபமும் இருந்தது, ஏழைகளுக்கு வைத்தியமும் நடந்தது. வேலூர் சி.எம்.சி.க்குப் பாகாயத்தில் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்கெடுக்கிற முறையை அங்கே வெகுகாலமாகப் பின்பற்றுகிறார்கள். ‘விசுவாசி மனநல டாக்டரிடம் போகலாமா' என்ற கேள்வி நம்மிடையே எப்படித்தான் முளைத்ததோ தெரியவில்லை.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். மருந்துக் கடையில் நேராகப் போய்த் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். அல்ப்ரசோலம் போன்றவை சீட்டில்லாமல் தொடர்ந்தால் பழக்கமாகிவிடும். மனச்சோர்வுக்கு மருத்துவர் எழுதுகிற மருந்துகள் வேறு வகை. அவை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நடுவில் நிறுத்தவும் கூடாது.

அடுத்து உங்கள் அப்பா. ‘நீயும் கூட வாம்மா' என்ற அந்த ஒரு வரியை நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதிவிட்டு வேகமாகக் கடந்துபோயிருக்கிறீர்கள். நான் கடந்துபோக மாட்டேன். 2021 மே மாதம் எப்படி இருந்தது என்று மருத்துவமனையில் இருந்த எனக்குத் தெரியும். ஆக்சிஜன் படுக்கைக்காக வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. உள்ளே யாரையும் விடவில்லை. மூடிக் கட்டிய உடலைத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நீங்கள் ஏறியிருந்தாலும் வாசலோடு இறக்கிவிட்டிருப்பார்கள். இது உங்கள் அறிவுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனாலும் மூன்று மணிக்கு அந்தக் குரல் கேட்கிறது, இல்லையா? ஏனென்றால் அங்கே இருப்பது குற்றம் இல்லை, துக்கம். கொண்டாடப்படாமல், அழுது தீர்க்கப்படாமல், முகம் பார்க்காமல் நின்றுபோன துக்கம். குற்றத்துக்கு மன்னிப்பு கேட்கலாம். துக்கத்துக்கு மன்னிப்பு கேட்டுக்கேட்டு நீங்கள் ஓய்ந்துபோயிருக்கிறீர்கள், அதனால்தான் மன்னிப்புக் கிடைத்த மாதிரியே இல்லை. துக்கத்துக்கு வேண்டியது அழுகை.

லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர்விட்டார். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் அழக்கூடாது என்று ஒரு வழக்கம் நம் சபைகளில் மெல்லப் புகுந்துவிட்டது. அது அவரிடமிருந்து வந்ததில்லை. சங்கீதங்களில் கணிசமான பகுதி புலம்பல். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்கிறான். 88-ஆம் சங்கீதம் முடிவில் ஒரு நம்பிக்கை வரிகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு சாயங்காலம் கணவரையும் மகனையும் கூட்டிக்கொண்டு அப்பாவின் கல்லறைக்குப் போங்கள். உங்கள் சபை ஐயரவர்களையும் அழையுங்கள். அன்றைக்கு அவசரமாக, நான்கைந்து பேரோடு, பாதி ஜெபத்தில் முடிந்த அடக்க ஆராதனையின் மீதியை இப்போது நடத்தித்தரச் சொல்லுங்கள். அவருக்குப் பிடித்த பாமாலைப் பாட்டைப் பாடுங்கள். அவரிடம் சொல்ல வேண்டியதை அங்கே தேவன் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லுங்கள். வருடங்கள் ஓடிவிட்டதே என்று தயங்க வேண்டாம். எந்த ஆயரும் இதற்கு மறுக்க மாட்டார்.

இனி உங்கள் முதல் கேள்வி. இயேசு கொடுக்கிற சமாதானம் இப்போதே உண்டா? உண்டு. ஆனால் அது எப்படி வருகிறது என்பதில்தான் நமக்குக் குழப்பம். ஒரு தடவை வாங்கிவிட்டால் தீராமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம், ஞாயிற்றுக்கிழமை வாங்கியது செவ்வாய்க்கிழமை இல்லையென்றால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்கிறோம்.

யோவான் 20-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயிர்த்தெழுந்த நாள் சாயங்காலம், சீஷர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இயேசு நடுவில் வந்து நின்று, "உங்களுக்குச் சமாதானம்" என்கிறார். கைகளையும் விலாவையும் காட்டுகிறார். சந்தோஷப்படுகிறார்கள். எட்டு நாள் கழித்து என்ன நடக்கிறது? மறுபடியும் கதவு பூட்டியிருக்கிறது! உயிரோடு வந்தவரைக் கண்ணால் பார்த்துவிட்டு, அவர் வாயிலிருந்தே சமாதானத்தை வாங்கிக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் அதே அறையில் அதே கதவை அடைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர் ‘போன வாரம்தானே சொன்னேன்' என்று கேட்கவில்லை. பூட்டிய கதவுக்குள்ளே மறுபடியும் வந்து, அதே வார்த்தையை முதல் தடவை சொல்வதுபோலவே சொல்கிறார். வந்து நின்றவர் கைகளில் தழும்பு இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். காயமே படாதவர் ஒருவர் வந்து நின்று ‘பயப்படாதே' என்று சொல்லியிருந்தால் அதை நம்புவது எனக்குக் கஷ்டம்.

ஆராதனையில் வந்த சமாதானம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது போய்விடுகிறது என்றீர்கள். போகட்டும். அது பொய்யாக இருந்ததால் போகவில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கொடுத்த மன்னா மாதிரி அது. ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, அன்றைக்கு மட்டும். நாளைக்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்தவர்களுடையது பூச்சிபிடித்து நாறியது. ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்கலாம். நாற்பது வருடம் அப்படியே போஷித்தார், ஒரு நாளும் அடுத்த மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கவில்லை. பரமண்டல ஜெபத்திலும் ‘இன்று' எங்களுக்குத் தாரும் என்றுதான் கேட்கக் கற்றுக்கொடுத்தார். மூன்று மணிக்கு நீங்கள் படுத்துக்கொண்டு தேடுவது மகனின் வேலைக்கும், அடுத்த வருடக் கடனுக்கும், உங்கள் முதுமைக்கும் சேர்த்து ஒரு சமாதானம். அது கிடைக்காது. அந்த இரவுக்கு வேண்டியது கிடைக்கும்.

இதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். விழிப்பு வந்தால் போனை எடுக்காதீர்கள். இரவு பதினொன்றுக்கும் மூன்றுக்கும் யூடியூபில் பிரசங்கம் தேடுகிறவர்களுக்கு அடுத்தடுத்து வந்து நிற்பது அந்திக்கிறிஸ்துவும் நியாயத்தீர்ப்பும் சாபக்கட்டும்தான். பயத்தோடு பார்க்கிறவர்களுக்குப் பயத்தையே அது காட்டிக்கொண்டிருக்கும். போனை இரவில் அடுத்த அறையில் வையுங்கள். நீளமாக ஜெபிக்கவும் முயலாதீர்கள். அந்த நேரத்து நீள ஜெபம் ஜெபமாக ஆரம்பித்து, ஐந்தாவது நிமிடத்தில் ‘ஆண்டவரே' என்று கூப்பிட்டுக் கவலைப்படுவதாக மாறிவிடும். எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த பழைய துறவிகள் 70-ஆம் சங்கீதத்தின் முதல் வரியை, தேவனே என்னை விடுவியும், எனக்குச் சகாயம் செய்ய விரைந்து வாரும் என்ற அந்த ஒரே விண்ணப்பத்தை, வேலையிலும் படுக்கையிலும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் அவர்களிடம் தங்கிக் கற்றுக்கொண்ட யோவான் காசியன் இதைப் பதிவு செய்திருக்கிறார். நீங்களும் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது ‘கர்த்தராகிய இயேசுவே', மெதுவாக வெளியே விடும்போது ‘என்மேல் இரங்கும்'. மூச்சு வெளியே போவது உள்ளே வருவதைவிட நீளமாக இருக்கட்டும். அப்படி விட்டால் படபடப்பு இறங்கும், உடம்பு அப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறது. மனது வேறு எங்காவது ஓடினால் திட்டாமல் திருப்பிக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நூறு தடவை ஓடும், நூறு தடவையும் கூட்டிக்கொண்டு வரலாம். அரை மணி ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு அறையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள், கண் சொருகும்போது போய்ப் படுங்கள். வார்த்தையே வராத இரவுகளும் இருக்கும். அப்போது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8 சொல்கிறது. பெருமூச்சு விட உங்களால் முடியும், அது போதும்.

பகலிலும் ஒரு காரியம். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மல் மடத்தில் லாரன்ஸ் என்று ஒரு சகோதரர் இருந்தார். முன்னாள் போர்வீரர், காலில் பட்ட காயத்தால் நொண்டி நடந்தவர். மடத்தில் அவருக்குக் கொடுத்த வேலை சமையலறை. அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. வருடக்கணக்கில் அங்கேதான் இருந்தார், பின்னால் செருப்பு தைத்தார். பாத்திரச் சத்தத்துக்கும் ஆளாளுக்குக் கூப்பிடுகிற கூச்சலுக்கும் நடுவே, ஆலயத்தில் முழங்காலில் நிற்கும்போது இருக்கிற அதே தேவசமுகத்தில் தான் இருப்பதாகச் சொன்னார். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அதற்கு முந்தின கதை. மடத்தில் சேர்ந்த முதல் பத்து வருடம்போல அவருக்கு உள்ளே பெரும் வேதனை, தான் தேவனுக்கு உகந்தவன்தானா என்ற பயம். அந்தப் பயத்தோடேயே, கையில் இருக்கிற வேலையை தேவனுக்காகச் செய்கிறேன் என்று அடிக்கடி அவரிடம் திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசிவரை இந்த வேதனையோடேயே இருக்க வேண்டியிருந்தாலும் சரி என்று சம்மதித்தபிறகுதான் சமாதானம் வந்தது.

சமாதானம் வந்துவிட்டதா என்று நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை உங்களையே சோதித்துப் பார்க்கிறீர்கள்? ஜெபித்து முடித்ததும் ‘இப்போது லேசாக இருக்கிறதா' என்று பார்ப்பது, இல்லையென்றால் விசுவாசத்தைச் சந்தேகிப்பது. இதை நிறுத்திவிடுங்கள் என்றுதான் உங்களை மன்றாடிக் கேட்கிறேன். ஐந்தாம் வகுப்பு நோட்டுத் திருத்தும்போது, அடுத்த பிள்ளையின் நோட்டைத் திறக்கும் முன் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு வினாடி ஜெபியுங்கள். அரிசி களையும்போது ‘ஆண்டவரே, நீர் இங்கே இருக்கிறீர்' என்று சொல்லுங்கள். உணர்வு வந்ததா என்று பார்க்க வேண்டாம், அடுத்த வேலைக்குப் போங்கள்.

கடன் விஷயத்தில் ஜெபம் மட்டும் போதாது, ஒரு வெள்ளைத் தாளும் வேண்டும். "உங்கள் விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்" என்று பவுல் சொல்கிறார். உங்களுக்கே தெரியாத தொகையை அவருக்கு எப்படித் தெரியப்படுத்துவீர்கள்? சாப்பாடு முடிந்து இருவரும் நிதானமாக இருக்கிற ஒரு நேரத்தில் கணவரிடம் கேளுங்கள். குற்றம் சாட்டுகிற குரலில் வேண்டாம். ‘எவ்வளவு என்று தெரியாததுதான் எனக்குப் பயமாயிருக்கு, சேர்ந்தே பார்ப்போம்' என்று கேளுங்கள். நகைக்கடன் எவ்வளவு, வங்கிக்கு எவ்வளவு, தனியாரிடம் எவ்வளவு, யாருக்கு என்ன வட்டி, எந்தத் தேதி. எழுதி முடித்தபின் அந்தத் தாளை நடுவில் வைத்து இரண்டு பேரும் சேர்ந்து ஜெபியுங்கள். அசீரிய ராஜாவின் மிரட்டல் நிருபத்தை எசேக்கியா கர்த்தருடைய ஆலயத்துக்குக் கொண்டுபோய் அவருக்கு முன்பாக விரித்தானே, அப்படி. அதிக வட்டிக்கடனை முதலில் அடைப்பது, பள்ளி ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த வட்டிக்குக் கிடைக்குமா என்று விசாரிப்பது, இதெல்லாம் அதற்கடுத்த வேலை. இந்தச் சுமையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு உங்கள் கணவரும் எத்தனை இரவு தூங்காமல் கிடக்கிறாரோ.

அந்த 5,000 ரூபாயைப் பற்றி உங்களைக் கடிந்துகொள்ள மாட்டேன். ஆனால் இனி ஒரு ரூபாய்கூட அந்த மாதிரி அனுப்பாதீர்கள். விதைத்தால் அறுப்பீர்கள், கடன் கட்டு உடையும் என்று கஷ்டத்தில் இருக்கிறவர்களின் பயத்தைக் காசாக்குவது அக்கிரமம். தேவனுடைய வரத்தைப் பணத்தால் வாங்கலாம் என்று நினைத்த சீமோனுக்குப் பேதுரு சொன்ன பதில் அப்போஸ்தலர் 8-இல் இருக்கிறது, வாசித்துப் பாருங்கள். காணிக்கை நன்றியின் அடையாளம், சபையில் கொடுங்கள், ஏழைகளுக்குக் கொடுங்கள். சமாதானத்துக்கு விலை கிடையாது. அதற்கான விலையை ஒருவர் ஏற்கெனவே சிலுவையில் கொடுத்துவிட்டார்.

சபையில் உங்களுக்கு நெருக்கமான ஒரே ஒரு பெண்ணிடம் இந்தக் கடிதத்தில் எழுதியதைச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் போட வேண்டாம், அங்கே நூறு ‘ஆமென்' வரும், பக்கத்தில் உட்கார ஆள் வராது. ஆலோசனை சொல்லாமல் கேட்கத் தெரிந்த ஒருவராகப் பாருங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அவரையே துணைக்குக் கூப்பிடலாம்.

கடைசியாக வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். விடலாம். இப்போதைக்கு விட்டே ஆக வேண்டும். எடை குறைந்து, தூக்கமில்லாமல், ஒருவேளை இரத்தசோகையோடு இருக்கிற உடம்பைப் பட்டினி போடுவது வேண்டாம். மருந்து தொடங்கினால் சாப்பாட்டை நேரம் தவறாமல் சாப்பிட வேண்டியும் வரும். கூடிவருகிறது உங்களுக்கு ஆறுதலாக இருந்தால் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய், முடிந்தவரை உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள். ‘ஏன் சிஸ்டர் உபவாசம் இல்லையா' என்று யாராவது கேட்டால், உடம்பு சரியில்லை, இப்போதைக்கு உபவாசம் வேண்டாம் என்று ஒரு ஆயர் சொல்லியிருக்கிறார் என்று பதில் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். உங்களுக்காகவும் உங்கள் கணவருக்காகவும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.